கதவுக்குப் போட்ட சிவப்புக் கேபிள்

இந்த அறையின் மின்விசிறி ஆடுகிறது, சார். கொக்கியில் ரப்பர் வைக்காமல் மாட்டியிருக்கிறார்கள். இன்றோ நாளையோ விழுந்துவிடாது, ஆனால் ஆட ஆட மேலே இருக்கிற வயர் தேயும். யாரையாவது வரச்சொல்லிப் பார்த்துவிடுங்கள். நானே ஏறிச் சரி செய்திருப்பேன். ஸ்டூலையும் ஸ்குரூ டிரைவரையும் என் கையில் கொடுக்க உங்களுக்கு மனசு வராது என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

தாளும் பேனாவும் கொடுத்து, உங்கள் கைப்படவே எழுதுங்கள் என்றீர்கள். அவசரப்படுத்தாததற்கு நன்றி. உங்களோடு வந்த இளைய அதிகாரி மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் வெளியே போனதும்தான் எனக்கு எழுத்து ஓடுகிறது.

முதலில் கேபிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல்தான் நாற்பது நாளாக நீங்கள் எல்லாரும் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

கடைக்குப் போய், தீக்குப் பயப்படாத கேபிள் கொடு என்று கேட்டால் இரண்டு வகைச் சரக்கை எடுத்துப் போடுவான். இரண்டும் ஒன்றில்லை. ஒன்று தீயைப் பரப்பாத கேபிள். நெருப்புப் பட்டால் கருகும், உள்ளே இருக்கிற கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுச் செத்துப்போகும், ஆனால் தன் மேல் தீயை ஏற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகாது. அடக்கமான சாதி. யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்ச் சேர்ந்துவிடும். இன்னொன்று தீயைத் தாங்கும் கேபிள். அது எரிந்துகொண்டே வேலை செய்யும். மேல் உறை முழுக்க உரிந்து விழுந்த பிறகும், செம்புக் கம்பியைச் சுற்றிக் கட்டியிருக்கிற மைக்கா நாடா விடாது. தீயணைப்பு பம்பு, அபாய மணி, ஆபத்து விளக்கு, இதற்கெல்லாம் இதைத்தான் போட வேண்டும். கட்டடம் எரியும்போதுதானே இவற்றுக்கு வேலையே.

இதிலும் தரம் உண்டு. இருபத்திரண்டு வயதிலிருந்து நான்கு வருஷம் ஒரு கேபிள் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். ஒரு துண்டுக் கேபிளைக் கிடத்தி, கீழே நீளமான பர்னரை வைத்து, தொள்ளாயிரத்து ஐம்பது டிகிரியில் மூன்று மணி நேரம் வாட்டுவோம். கேபிளின் மறுமுனையில் ஒரு சின்ன பல்பு இருக்கும். பல்பு கடைசிவரை எரிந்தால் அது ‘சி’. அறுநூற்று ஐம்பதிலோ எழுநூற்று ஐம்பதிலோ மட்டும் தாங்கினால் ‘ஏ’, ‘பி’. வேறொரு துண்டை எடுத்து, வேகவைத்துக்கொண்டே தண்ணீர் பீய்ச்சுவோம். அது ‘டபிள்யூ’. மூன்றாவது துண்டைச் சுவர்ப் பலகையில் வளைத்துக் கட்டித் தீயை வைத்துவிட்டு, முப்பது விநாடிக்கு ஒரு தடவை இரும்புத் தடியால் அந்தப் பலகையை அடிப்போம். கால் மணி நேரம் அடிக்க வேண்டும். தொள்ளாயிரத்து ஐம்பதில் அந்த அடியைத் தாங்கினால் ‘இசட்’. மூன்றும் தேறினால் சி-டபிள்யூ-இசட் என்று உறை மேல் அச்சடிப்பார்கள். அதற்கு மேல் தரம் எங்கள் கூடத்தில் இல்லை.

மற்றவர்களுக்கு அந்த இரும்புத் தடி அடிக்கும் சத்தம் தலைவலி. எனக்குப் பிடிக்கும். எத்தனை அடி விழுந்தாலும் பல்பு கண்ணைக்கூட சிமிட்டாமல் எரிவதைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கும்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனார்கள். அப்போது எனக்கு இருபத்தாறு, தங்கைக்குப் பதினைந்து. சோதனைக் கூடத்தில் மூன்று ஷிஃப்ட் வேலை, வயசுப் பெண்ணைத் தனியாக விட முடியாது. வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக வயரிங் எடுத்துச் செய்ய ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவளையும் கூட்டிப்போவேன். டார்ச் பிடிப்பாள், குழாய்க்குள் வயரைத் தள்ளிவிடுவாள். கற்பூர புத்தி. ஒரு தடவை சொன்னால் போதும், அப்படியே மனசில் எழுதிக்கொள்வாள்.

ஒரு அலுவலகத்தில் காந்தப் பூட்டு மாட்டும்போது கேட்டாள், எல்லாத்துக்கும் நல்ல கேபிள் போடுறியே, இந்தக் கதவுக்கு மட்டும் ஏண்ணே சாதா ஒயர் போடுற என்று. அவளைத் தவிர வேறு எவளும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள். நான் விளக்கினேன். காந்தப் பூட்டு கரண்ட் இருக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் விட்டுவிடும். தீ வந்தால் கதவு விட வேண்டும் அல்லவா. அதனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் கேபிள் சாக வேண்டும். நெருப்பு வயரைத் தின்னும், கதவு தானாகத் திறக்கும். பெரிய பெரிய எஞ்சினியர்களே தரமானதைப் போடுகிறேன் என்று இங்கே கோட்டை விடுவார்கள். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

இருபத்திரண்டு வயதில் அவள் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரனோடு பழகினாள். நல்ல பையன்தான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. கையில் இரண்டடி ஆர்மர் கேபிள் இருந்தது. உள்ளே இரும்புக் கம்பி சுற்றியிருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவனை அவன் ஸ்டுடியோவின் இருட்டறையிலேயே பார்த்தேன். கோபமெல்லாம் இல்லை. வலது தோளில் எட்டு அடி, எண்ணித்தான் அடித்தேன். ஐந்தாவது அடியில் எலும்பு போய்விட்டது. எட்டு என்று நினைத்து வந்ததால் எட்டையும் முடித்தேன். அந்தக் கை இப்போதும் தோளுக்கு மேலே எழும்பாது என்று கேள்வி. போலீசுக்குப் போகவில்லை, ஊரை விட்டுப் போய்விட்டான். அதைப் பற்றித் தங்கை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளையும் அன்று இரண்டு அறை அறைந்தேன். அண்ணன் அடிப்பது அடியில் சேராது.

பிறகு நானே மாப்பிள்ளை பார்த்தேன். மெத்தை, நாற்காலிக்கு ஸ்பாஞ்சு திண்டு தைக்கிற பட்டறை வைத்திருந்தார். சாதுவான மனிதர், சத்தமாகப் பேச மாட்டார். சாதுவானவர் என்பதால்தான் கொடுத்தேன். அப்படிப்பட்டவர் வீட்டில் அண்ணனுடைய சொல்லுக்கு மரியாதை இருக்கும் என்று நினைத்தேன். முதல் ஆறு வருஷம் இருக்கவும் செய்தது. பட்டறையின் வயரிங் முழுக்க என்னுடையது. அபாய மணிக்கும் ஆபத்து விளக்குக்கும் சிவப்புக் கேபிள் இழுத்து, பிளாஸ்டிக் கிளிப் தீயில் உருகிவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் இரும்புக் கிளிப் அடித்தேன். தைக்கிறவர்களிடம் மூன்று மணி நேரக் கதையை ஒரு நாள் சொன்னேன், அன்றிலிருந்து எனக்குப் பெயரே ‘மூணு மணி’ என்று ஆகிவிட்டது. “தண்ணிப் பாட்டில ஒளிச்சு வை, மூணு மணி வர்றாரு, பிளக்குப் பக்கத்துல வச்சா திட்டுவாரு” என்று எனக்குக் கேட்கிற மாதிரியே பேசுவார்கள். மாப்பிள்ளை தன் பங்குக்கு, “மச்சான், இந்தப் பட்டறையில நாங்க எல்லாம் போய்ச் சேர்ந்தாலும் உங்க ஒயர் மட்டும் நிக்கும்போல” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஏழாம் வருஷம் தங்கையின் முன்கையில் ஒரு சூட்டுக் காயம் பார்த்தேன். விரல் நீளம் இருக்கும். பட்டறை இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது என்றாள். அடுத்த மாதம் கட்டைவிரல் நகம் கருத்திருந்தது. அட்டைப் பெட்டி விழுந்தது என்றாள். பிறகு நெற்றியோரம் ஒரு வீக்கம். அலமாரிக் கதவு என்று பட்டறையில் சொல்லியிருக்கிறாள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நம்பக்கூடியவை. தனித்தனித் துண்டாகச் சோதித்தால் எந்தக் கேபிளும் தேறிவிடும், ஒரே துண்டை மூன்றுக்கும் போட்டுப் பார்த்தால்தான் யோக்கியதை தெரியும் என்று சோதனைக் கூடத்து மேஸ்திரி சொல்வார். நான் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை அடிக்கிறார் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது.

பட்டறையில் பொத்தான் தைக்கிற அம்மாவின் மகளிடம் விசாரித்ததில், இஸ்திரிப் பெட்டி பட்டதைத் தன் தாய் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள் என்று நேற்று சொன்னீர்கள். இருக்கலாம். நகமும் பெட்டியால் நசுங்கியிருக்கலாம். நெற்றிக் காயம் மட்டும் என் கையால் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எதிர்த்துப் பேசினாள், தள்ளிவிட்டேன், அலமாரியில் போய் மோதினாள். ஆகவே அவள் அலமாரி என்று சொன்னது பொய்யில்லை. அதையும் மாப்பிள்ளை கணக்கில் நான் சேர்த்தது சரியில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு காயத்தைக் கழித்துவிட்டால் மனிதன் நல்லவனாகிவிடுவானா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எதிர்த்துப் பேசியது இதுதான். கையில் இருக்கிற பெரிய ஆர்டர் நான்கு மாதத்தில் முடியும், முடிந்ததும் பட்டறையை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போகிறார்கள்.

“எந்த ஊருக்கு பாப்பா?” என்று கேட்டேன்.

“சொல்ல மாட்டேண்ணே.”

“மாப்பிள சொல்லக்கூடாதுன்னாரா?”

“அவரு உன்னையும் கூட்டிட்டுப் போலாம்னுதான் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். எனக்குப் பயமா இருக்குண்ணே உன்னப் பாத்தா. நீ இனிமே இங்க வராத.”

யாருடைய பேச்சு அது என்று எனக்குத் தெரியாதா. ஆறு வருஷமாக ஒருவன் காதில் ஓதினால் வருகிற பேச்சு. தள்ளிவிட்டது அப்போதுதான். கீழே விழுந்தவள் அழவில்லை, அலமாரியைப் பிடித்து எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டு நின்றாள். என்னை வெளியே போகச் சொல்கிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. அன்று வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையை என்ன செய்வது என்று யோசித்தேன். ஆர்மர் கேபிள் பற்றியும் யோசித்தேன். அதில் பிரச்சினை என்னவென்றால் தங்கைக்கு உடனே தெரிந்துவிடும்.

மேல்மாடியில் தையல் அறையிலிருந்து விலை கூடிய துணிச் சுருள்கள் இரண்டு தடவை காணாமல் போனது நினைவிருக்கும், உங்கள் ஸ்டேஷனில்தான் புகார் கொடுத்தார் மாப்பிள்ளை. இரண்டு தடவையும் எடுத்தது நான். என் வீட்டுப் பரண் மேல் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம். பூட்டு போட வேண்டும் என்று அவர் வாயாலேயே வர வேண்டும் என்பதற்காக எடுத்தேன். வந்தது. எனக்குத்தான் போன் செய்தார். “நீங்க வீட்டுக்கு வர்றதில்ல, ஏதோ அண்ணன் தங்கச்சி சண்ட, அதுல நான் தலையிடல. பட்டறைக்காவது வாங்க மச்சான்” என்றார். போனேன். தையல் அறைக்குக் காந்தப் பூட்டு மாட்டினேன். உள்ளே இருந்து திறக்க ஒரு பட்டன், அவசரத்துக்கு உடைத்து அழுத்தப் பச்சைப் பெட்டி ஒன்று, வெளியே இருந்து திறக்க அட்டை. அட்டை ஒன்றே ஒன்று, மாப்பிள்ளை கழுத்தில்.

அந்தக் கதவுக்கு நான் சி-டபிள்யூ-இசட் கேபிள் இழுத்தேன். சுருளில் இருந்ததிலேயே நல்ல துண்டாகப் பார்த்து வெட்டினேன். பூட்டுக்கு மின்சாரம் கொடுக்கிற பேட்டரியைக் கட்டடத்துக்குள் வைக்கவில்லை, முற்றத்துக்கு அந்தப் பக்கம் காவலாளி அறையில் வைத்தேன். மெயினை அணைத்தாலும் எட்டு மணி நேரம் நிற்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரி சிவப்புக் கேபிளைத் தடவிப் பார்த்துவிட்டு, “கதவுக்கே இவ்ளோ தரமாப் போடுறவங்கள இப்பத்தான் பாக்குறேன்” என்று கையெழுத்துப் போட்டார். பச்சைப் பெட்டியையும் உள்பட்டனையும் அழுத்திப் பார்த்தார், இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. சம்பவத்தன்று காலை, மழை ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று போய்ப் பச்சைப் பெட்டியின் இணைப்பைக் கழற்றிவிட்டு வந்தேன், உள்பட்டனின் வயரை மதியம் ஒரு மணி தாண்டிக் கீழ்த்தளக் கிடங்கிலேயே வெட்டினேன். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

தீ என்னுடையதுதான். கீழ்த்தளத்தில் ஸ்பாஞ்சு அடுக்கியிருக்கிற கிடங்கில் ஆரம்பித்தது. எப்படி என்று விவரமாக எழுத விருப்பமில்லை, கேட்டால் வாயால் சொல்கிறேன். மதியம் ஒரு மணிக்குத் தைக்கிறவர்கள் சாப்பிட முற்றத்துக்கு இறங்கிவிடுவார்கள், மாப்பிள்ளை மட்டும் மேலே உட்கார்ந்து கணினியில் ஆர்டர் பார்ப்பார். அதுதான் என் திட்டம். ஒரு ஆள்.

அன்று மழை. எதிரே தேநீர்க் கடையில் நின்று பார்த்தேன். முற்றத்துக்கு யாரும் இறங்கவில்லை. மேல் ஜன்னல் வழியாக, தலைமைத் தையல்காரர் டிபன் பாக்ஸைத் திறப்பது தெரிந்தது. பொத்தான் தைக்கிற அம்மா எல்லாருக்கும் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையோடு ஏழு பேர். அப்போது கீழே தீ பிடித்து நான்கைந்து நிமிஷம் ஆகியிருக்கும், வெளியே இன்னும் தெரியவில்லை. காவலாளி அறை எனக்குப் பத்தடி. ஒரு ஸ்விட்சைத் தட்டினால் கதவு விட்டுவிடும். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடும், ஆனால் காது குத்துகிற வேலை நமக்குள் வேண்டாம். ஏழு பேரையும் பார்த்தேன், எண்ணினேன், டீயைக் குடித்து முடித்தேன்.

தங்கையை அன்று என் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தேன். பிளம்பர் வருகிறான், எனக்கு வெளியே வேலை, ஒரு மணி நேரம் வந்து இரு, நான் இருக்க மாட்டேன் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். சரி என்று பதில் போட்டாள். போகவில்லை. சரி என்று சொல்லிவிட்டு என் வார்த்தையை அவள் தட்டியது அதுதான் முதல் தடவை. குடையோடு தெருமுனையில் திரும்பி, நேராகப் பட்டறைப் பக்கவாட்டுப் படியில் ஏறுவதைப் பார்த்தேன். அதற்குள் ஜன்னலில் புகை வந்துவிட்டது, அபாய மணியும் அடிக்க ஆரம்பித்தது. அவள் இறங்கவில்லை, இரண்டிரண்டு படியாக மேலே ஓடினாள்.

நான் ஓடினேன், சார். ஸ்விட்சுக்கு ஓடவில்லை, அவளிடம் ஓடினேன். அது எனக்கே பிறகுதான் உறைத்தது.

படியில் புகை அதிகமில்லை. சரக்குத் தூக்குகிற துவாரம் வழியாக எல்லாம் நேராகத் தையல் அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதில் முகத்தை வைத்துத் தங்கை உள்ளே பேசிக்கொண்டிருந்தாள். மணியையும் மீறிக் கத்த வேண்டியிருந்தது, ஆனாலும் பதற்றமில்லாமல்தான் பேசினாள்.

“பயப்படாதீங்க. பச்சப் பொட்டி வேல செய்யலன்னா பரவால்ல. கீழ ஒயர் எரிஞ்சதும் காந்தம் விட்டுரும், கதவு தானாத் திறக்கும். இங்கயே நில்லுங்க, தரையோட குனிஞ்சு நில்லுங்க. எங்கண்ணன்தான் போட்டது, அவனே சொல்லிருக்கான்.”

கண்ணாடி வழியாக எனக்கும் உள்ளே தெரிந்தது. அறையின் மறுகோடியில், கம்பி இல்லாத ஜன்னல் ஒன்று பக்கத்துக் கொட்டகைக் கூரைப் பக்கம் இருக்கிறது. தடிமனான கண்ணாடி, திறக்காது, உடைக்கலாம். மாப்பிள்ளை தையல் இயந்திரத் தலை ஒன்றைக் கழற்றி மார்போடு தூக்கிக்கொண்டு அந்த ஜன்னலுக்குப் போய்க்கொண்டிருந்தார். தங்கை சொன்னதைக் கேட்டு நின்றார். அவள் மறுபடி, “வேண்டாங்க, அங்கதான் புகை வருது, இங்க வாங்க” என்றாள். அவர் அதைக் கீழே வைத்துவிட்டுக் கதவுக்கு வந்தார். அவள் பேச்சுக்கு அவரிடம் அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது. எல்லாரும் கதவடியில் குனிந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை நிமிர்ந்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்.

“மச்சான் வந்துட்டாரு” என்று மற்றவர்களிடம் சொன்னார். அவர் முகம் தெளிந்தது.

ஆபத்து விளக்குகள் புகைக்குள்ளே எரிந்துகொண்டிருந்தன. மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் போட்டது எல்லாமே வேலை செய்தது.

“அண்ணே, கரண்ட்ட நிறுத்துண்ணே” என்றாள் தங்கை.

“நிறுத்திட்டேன் பாப்பா.”

“அப்போ ஏன் விட மாட்டேங்குது?”

“சூட்டுல கதவுச் சட்டம் வீங்கிருக்கும். நீ வா.”

அவள் வரவில்லை. இடுப்பைப் பிடித்து இழுத்தேன், கைப்பிடியை விடவில்லை. உள்ளே இருந்து கதவை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் எல்லாரும் சேர்ந்து அடித்தார்கள், பிறகு இரண்டு மூன்று கைகள். யாரோ தலையாலும் மோதினார்கள், கண்ணாடியில் ரத்தம் தெரிந்தது. தங்கை என் மணிக்கட்டைக் கடித்தாள். தழும்பைக் காட்டினேனே, அது இதுதான். கைப்பிடியிலிருந்த அவள் விரல்களை என் இடுக்கியால் அடித்து எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு விரல் முறிந்தது. மூன்றாவது அடியில்தான் விட்டாள். தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். உயிரைப் பணயம் வைத்துத் தங்கையைக் காப்பாற்றிய அண்ணன் என்று பேப்பரில் போட்டார்கள்.

தீயணைப்புக்காரர்கள் மெயினை அணைத்துவிட்டு, கோடாரியால் கதவை உடைத்து உள்ளே போனார்கள். ஏழு பேரும் கதவடியில் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். தலைமைத் தையல்காரரின் நகங்கள் கதவுப் பலகையில் இருந்தன. ஒருவரும் நெருப்பில் சாகவில்லை, ஸ்பாஞ்சுப் புகையில் போனார்கள். என் கேபிள் புகையே விடாத ரகம், அதில் விஷம் கிடையாது, அது உங்கள் அறிக்கையிலும் இருக்கிறது. கூட்டம் கலைவதற்குள் காவலாளி அறை ஸ்விட்சை அணைத்தேன். சட்டம் வீங்கிவிட்டது என்று முதலில் சொன்னது நான்தான். எல்லாரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். பிறகு நீங்கள் வந்தீர்கள், எங்கேயாவது மட்டமான கேபிள் இருக்கிறதா என்று கட்டடம் முழுக்கத் துண்டு துண்டாக வெட்டி ஆய்வுக்கு அனுப்பினீர்கள். எல்லாம் முதல் தரம் என்று வந்தது. கதவுக்குப் போனதையும் முதல் தரம் என்றுதான் எழுதினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

என்னைப் பிடித்துவிட்டோம் என்று அந்த இளைய அதிகாரி வெளியே பேசிக்கொண்டிருந்தார். அவர் பிடிக்கவில்லை. நானாக வந்தேன். ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

தங்கை ஆஸ்பத்திரியில் யாரோடும் பேசுவதில்லை. பேசினால் ஒன்றுதான் சொல்கிறாள். நான்தான் கொன்னேன், நான் இருங்கன்னு சொல்லலன்னா அவரு ஜன்னல உடைச்சிருப்பாரு என்கிறாள். நர்சிடம் சொல்கிறாள், கூட்டுகிறவரிடம் சொல்கிறாள், பொத்தான் அம்மாவின் மகள் பார்க்க வந்தபோது அவள் காலைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். போன வாரத்தில் இரண்டு தடவை மொட்டை மாடிப் படியில் அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். மூன்றாவது தடவை யாரும் பார்க்காமல் போனால் என்ன ஆகும். என்னை உள்ளே விட மாட்டேன் என்கிறாள், அதனால் நேரில் சொல்ல வழியில்லை. எழுதித்தான் சொல்ல வேண்டும்.

ஆகையால் இந்தத் தாளை அவளிடம் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். அவள் சொன்னதில் தப்பில்லை. சாதா வயராக இருந்திருந்தால் அவள் சொன்னபடி கதவு விட்டிருக்கும், ஏழு பேரும் இறங்கி வந்திருப்பார்கள். அவள் யாரையும் கொல்லவில்லை. மாப்பிள்ளையையும் மற்ற ஆறு பேரையும் நான் கொன்றேன், தெரிந்து கொன்றேன், அவளுக்காகக் கொன்றேன். கடைசி வார்த்தையை விட்டுவிடாமல் படிக்க வேண்டும்.

முதலில் கத்துவாள். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்பாள். நீங்கள் ஒன்றும் சமாதானம் சொல்ல வேண்டாம். அவளை எனக்குத் தெரியும், ஒரு வாரம் போகட்டும். பார்வையாளர் பட்டியலில் அவள் பெயரை மட்டும் எழுதி வைத்துவிடுங்கள், கண்டிப்பாக வருவாள், வராமல் எங்கே போவாள். என்னை விட்டால் இப்போது அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.